மைதானம் விளையாட்டுக்கு மட்டும்

பாலே நடனம் விளையாட்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பாலே மட்டுமில்லை, வள்ளிக் கும்மியும் இல்லை, ஒயிலாட்டமும் இல்லை. பணிக்காலம் முழுக்க விசிலும் கையுமாகத் திரிந்த பி.டி. வாத்தியார் என்ற முறையில் அதற்கு என்னிடம் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியது, அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் செய்த அயோக்கியத்தனத்தை. அதில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கால் எலும்பு விரிசல் விட்டது.

கொரோனாவுக்குச் சில வருஷம் முன்னால். பெரியநாயக்கன்பாளையத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் அப்போது வேலை. பள்ளியின் பெயர் வேண்டாம், தப்பு அதனுடையது அல்ல. நான் எங்கே படித்தேன் என்பதும் வேண்டாம், எனக்குப் பாடம் சொன்னவர்கள் மேல் பழி வரக் கூடாது. ஆனால் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1956-லேயே உடற்கல்விக்கென்று மாருதி கல்லூரி வந்த இடம் இது. ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்துக்குள் காலையில் போனால் ஓடுகிறவர்கள், குதிக்கிறவர்கள், குண்டு எறிகிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கும். மில் ஷிப்டுக்குப் போகிறவர்கூட நின்று ஒரு பந்து பார்த்துவிட்டுப் போவார். பி.டி. வாத்தியார் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஊர். இந்த நம்பிக்கை பின்னால் என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

அந்தச் சமயம் கொங்குப் பக்கம் ஊருக்கு ஊர் வள்ளிக் கும்மி பரவிக்கொண்டிருந்தது. முருகன் வள்ளியைக் கட்டிய கதையைப் பாட்டாகப் பாடி, சலங்கை கட்டி, வட்டம் கட்டி ஆடுவது. ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும் ஆடியது. பெண்களையும் சேர்த்துப் பழக்கியவர்களில் முக்கியமானவர், கோவை மாவட்டத்துப் பத்திரப்பன். 2024-இல் 87 வயதில் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது இந்தப் பக்கம் பல பேருக்குத் தங்கள் வீட்டுப் பெரியவருக்குக் கிடைத்த மாதிரி இருந்தது. இன்றைக்கு மருமகளும் மாமியாரும் பேத்தியும் ஒரே நிறச் சேலையில் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். மாதக்கணக்கில் சாயங்காலம் பழகி, கோயில் முன்னால் அரங்கேற்றம் வைப்பார்கள். அரங்கேற்றம் என்றால் மணிக்கணக்கில் ஆட்டம். நடுவில் மூச்சு வாங்க நேரம் கிடைப்பது வாத்தியார் மைக்கில் வசனம் பேசும்போது மட்டும்தான்.

எங்கள் பகுதியில் தொடங்கிய குழுவுக்குப் பழக இடமில்லை. பள்ளி மைதானத்தைச் சாயங்காலம் தரச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்தார்கள். மண் தரை, விளக்கும் இருந்தது. தலைமையாசிரியர் நல்ல மனுஷர், கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார். மைதானம் என் பொறுப்பு என்பதால் ஒரு வார்த்தை எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன்: “நடனம் விளையாட்டு அல்ல. மைதானம் விளையாட்டுக்கு மட்டும்.” கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன்.

சாயங்காலம் ஆறரைக்கு மேல் அந்த மைதானத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. அது எனக்குத் தெரியும். பிறகு எதற்கு எழுதினேன்?

என் கோ-கோ அணியில் ஒரு பிள்ளை இருந்தாள், பத்தாம் வகுப்பு. போல் டைவ் அடித்தால் நாலு முழம் காற்றிலேயே போவாள். குறுமையப் போட்டியில் அவளை வைத்துத்தான் ஜெயித்தோம். அவள் ஒரு நாள் வந்து, “சார், சாயங்காலம் ப்ராக்டீஸுக்கு வர முடியாதுங்க சார், கும்மிக்குப் போறனுங்க” என்றாள். அம்மாவும் அவளும் சேர்ந்து பழகுகிறார்களாம். அம்மாவுக்கு அவ்வளவு ஆசையாம். சரி போ என்றேன், முகம் கொடுக்காமல். கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பொறாமை. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மாவட்டப் போட்டி வரைக்கும் போன என் அணியின் ஆட்டத்தைப் பார்க்க ஊரிலிருந்து யாரும் வந்ததில்லை. பக்கத்து ஊர்க் கும்மி அரங்கேற்றத்துக்கோ வேன் கட்டிக்கொண்டு போனார்கள். கும்மி வாத்தியாருக்கு மாலை, பொன்னாடை. எனக்கு வருஷக் கடைசியில் பந்துக் கணக்கு.

மைதானம் கிடைக்காததால் அவர்கள் ஒரு மண்டபத்துக்கு முன்னால் இருந்த சிமெண்டுத் தளத்தில் பழகினார்கள். வெறுங்கால். ஜமாப் மேளத்தின் அடி ஏற ஏறக் குதிப்பும் ஏறும். கால் எலும்பு ஒன்றும் கல் இல்லை. பளு கூடினால் தன்னைத் தானே உறுதியாக்கிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் வேண்டும், ஓய்வு வேண்டும். நாள் கொடுக்காமல் பளுவை ஒரேயடியாக ஏற்றி, தரையும் சிமெண்டாக இருந்தால் நூல் மாதிரி விரிசல் விழும். ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு வரும். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு வரும். பாலே ஆடுகிறவர்களுக்குப் பாதத்தில் இரண்டாவது விரல் எலும்பின் அடியில் வரும். அவர்களிடம் அது அவ்வளவு சகஜம். உடம்பு மெலிவாக இருக்க வேண்டும் என்று சோற்றைக் குறைக்கிற பெண்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். இதெல்லாம் எனக்குப் பாடத்தில் வந்ததுதான், படித்து எழுதிப் பாஸ் பண்ணியதுதான்.

அரங்கேற்றத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அந்தப் பிள்ளை என் அறைக்கு வந்தாள். நடையில் லேசான இழுவை.

“சார், ஸ்ப்ரே இருந்தா கொஞ்சம் அடிச்சு வுடுங்க சார். கால் வலிக்குதுங்.”

“எங்க வலிக்குது?”

இந்த இடத்தை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. வெறும் தசைப் பிடிப்பு, ஷின் பெயின் என்றால் பிள்ளைகள் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் நீவிக் காட்டுவார்கள். நீளமாக வலிக்கும். இவள் குனிந்து, ஒற்றை விரலை எலும்பின் மேல் ஒரே இடத்தில் வைத்தாள். “இங்கங்க சார். ராத்திரி படுத்தாலும் வலிக்குதுங்.” ஒற்றை விரல், ஓய்விலும் வலி. இரண்டும் சேர்ந்தால் ஆட்டத்தை நிறுத்து, எலும்பு டாக்டரிடம் போ என்று அர்த்தம். எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

நான் சொன்னது இது: “ஸ்ப்ரே ப்ளேயர்ஸுக்கு வாங்கினதும்மா. ஆட்டம் பாட்டத்துக்கெல்லாம் இல்ல. உனக்கு ஒண்ணுமில்ல, போ.”

அவள் “சரிங்க சார்” என்று போய்விட்டாள். கிரேப் பேண்டேஜும் ஐஸ் பையும் மேஜை மேல்தான் இருந்தன. ஸ்ப்ரே கொடுத்திருந்தாலும் எலும்பு கூடியிருக்காது. கொடுக்காததைவிடப் பெரிய தப்பு அந்த “ஒண்ணுமில்ல.”

அரங்கேற்றத்தன்று நானும் போயிருந்தேன். அவள் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, காலில் கட்டோடு ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அம்மாக்காரி மட்டும் ஆடினாள். இரண்டு நாள் முன்னால் கீழே விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் நடமாட்டத்தைக் குறைக்க வேண்டியதாகிவிட்டது. கோ-கோவுக்கு அவள் திரும்பி வரவே இல்லை.

வெகுநாள் கழித்து பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன், அரைகுறையாக. “அத வுடுங்க சார்,” என்று சிரித்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: “நீங்க ஒண்ணுமில்லன்னீங்கன்னு வூட்ல சொன்னனுங்க. பி.டி. சாரே சொல்லிட்டாரு, அப்புறம் என்னத்துக்கு டாக்டருன்னு அப்பா உட்டுட்டாருங்.” அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன். நடனத்தை விளையாட்டு என்று சேர்க்கக் கூடாது என்று நான் நினைப்பது, அது சுலபம் என்பதால் அல்ல. 1895-இல் பீட்டர்ஸ்பர்க்கில் ‘சுவான் லேக்’ பாலேயில் பியரினா லெக்னானி என்ற இத்தாலியப் பெண் ஒற்றைக் கால் நுனியில் தொடர்ந்து 32 சுற்றுச் சுற்றினாள். இன்று வரைக்கும் அந்த இடம் வந்தால் பார்க்கிறவர்கள் வாய்க்குள் எண்ணுகிறார்கள். எண்ணலாம். ஆனால் 33 சுற்றினால் அவள் ஜெயித்தவள், 31 என்றால் தோற்றவள் என்று சொன்ன நிமிஷத்தில் அந்தக் கதையில் வரும் அன்னப்பறவை செத்துப்போகும்.

ஒலிம்பிக்கில் 1912 முதல் 1948 வரை கலைக்கும் பதக்கம் கொடுத்தார்கள். கட்டடக் கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் ஐந்துக்கும் உண்டு. அதில்கூட நடனம் இல்லை. 2024 பாரிஸில் பிரேக்கிங் நடனத்தைச் சேர்த்தார்கள். ஒன்பது நடுவர்கள், ஐந்து அளவுகோல். ஜப்பானின் அமி தங்கம் வாங்கியதைவிட, ஒரு புள்ளிகூட எடுக்காத ஆஸ்திரேலியப் பெண்ணை வைத்து உலகம் சிரித்ததுதான் அதிகம். தெருவில் ஆடும்போது ஒருத்தி வித்தியாசமாக ஆடினால் கை தட்டுவார்கள் அல்லது நகர்ந்து போவார்கள். ஸ்டேடியத்தில் பூஜ்யம் போட்டார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலில் பிரேக்கிங் இல்லை, கிரிக்கெட் இருக்கிறது. ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பனிச்சறுக்கில் 2002-இல் நடுவர் ஒருவர் மேல் புகார் கிளம்பி, ஜோடிப் பிரிவில் இரண்டாவதாக இன்னொரு தங்கம் கொடுத்து, பிறகு மதிப்பெண் முறையையே மாற்ற வேண்டி வந்தது. அழகுக்கு மதிப்பெண் போடப் போனால் இந்த வம்பு தீராது. ஓட்டத்துக்கு நாடா இருக்கிறது, கோ-கோவுக்கு அவுட் இருக்கிறது. கும்மிக்கு என்ன இருக்கிறது, முருகனா வந்து விசில் ஊதப் போகிறார்?

ஆனால் நம்மூரில் இந்தக் கேள்வி வேறு மாதிரி வரும். “இதுக்கு சர்டிபிகேட் உண்டுங்களா சார்?” தத்துவம் கேட்க இங்கே யாருக்கும் நேரமில்லை. இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் விளையாட்டுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம். சிலம்பம் அந்தப் பட்டியலுக்குள் வந்த பிறகு சிலம்ப வகுப்புகளுக்குக் கூட்டம் கூடியதைப் பார்த்தேன். 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. நடனம் ஆடுகிற பிள்ளைக்கு விளையாட்டுக் கோட்டாவில் இடமில்லை. 2022-23 முதல் பள்ளிகளில் நடக்கும் கலைத்திருவிழாதான் அவர்களுக்கு மேடை. சர்டிபிகேட் கேட்கிற பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். கலைக்கும் ஒரு கோட்டா கொடுங்கள் என்றுதான் கேட்க வேண்டும், கலையைக் கொண்டுபோய் விளையாட்டுப் பட்டியலில் ஒட்ட வேண்டியதில்லை.

மும்பையில் வெல்டர் மகன் அமிருதீன் ஷாவும் டாக்ஸி டிரைவர் மகன் மணீஷ் சௌகானும் யெஹூதா மாவோர் என்ற வெளிநாட்டு ஆசிரியரிடம் பாலே பழகிய கதை 2020-இல் ‘யே பாலே’ என்று படமாக வந்தது. அமிருதீன் 2017-இல் லண்டன் ராயல் பாலே பள்ளிக்கே போனார். அந்தப் படத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: அந்தப் பையன்களுக்குத் தரை கிடைத்தது, உடம்பைத் தெரிந்த ஒரு வாத்தியார் கூடவே நின்றார். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அந்தத் தரையை எழுத்துபூர்வமாக மறுத்தவன் நான். விளையாட்டா இல்லையா என்பது பட்டியல் போடுகிறவர்களின் பிரச்சினை. எலும்புக்கு அந்தப் பட்டியல் தெரியாது. இதை அன்றைக்கே தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் அந்தப் பள்ளியில் நான்தான் என்பதால் என் குற்றம் இரண்டு மடங்கு.

கும்மி பழகும் வீடுகளுக்கும், கலைத்திருவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. முடிந்தவரை மண் தரையில் ஆட விடுங்கள். சிமெண்டுதான் கதி என்றால் பழகும் நேரத்தைக் குறையுங்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் காலுக்கு ஓய்வு கொடுங்கள். பிள்ளை ஒற்றை விரலால் ஒரே இடத்தைத் தொட்டு வலிக்குது என்றால் அன்றைக்கே நிறுத்தி எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் பல சமயம் தெரியாது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிடாமல், வலி அங்கேயே இருந்தால் மறுபடியும் போங்கள்.