மேழி என்பது எது?

"என் பேரனின் பாடத்தில் 'மேழி' என்று ஒரு சொல் வந்தது. கலப்பை என்கிறார் ஒருவர், கலப்பையின் கைப்பிடி என்கிறார் இன்னொருவர். எது சரி?" என்று உத்திரமேரூர் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பூச்சி, உரம், மானியம் என்று வரும் கேள்விகளுக்கு நடுவே இது வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

இரண்டுமே சரி. குறிப்பாகச் சொன்னால் மேழி என்பது உழுபவர் கையில் பிடிக்கும் வளைந்த பிடி. பொதுவாகச் சொன்னால் முழுக் கலப்பையும் மேழிதான். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் உழவர் பேரவைக்கு 'சித்திரமேழிப் பெரியநாட்டார்' என்று பெயர். கலப்பைதான் அவர்களுடைய சின்னம். நம் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கலப்பையின் வளைவுக்குப் பெண் யானையின் வாயும் கொழுவுக்கு உடும்பின் முகமும் உவமையாக வருகின்றன. அந்தப் புலவர் ஏர் ஓட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கொழு மண்ணைக் கிழிக்கிறது, நுகத்தடி மாட்டைப் பூட்டுகிறது, ஏர்க்கால் இரண்டையும் இணைக்கிறது. அப்படியிருக்க, பிடியின் பெயர் ஏன் முழுக் கருவிக்கும் ஆனது? எனக்குத் தோன்றுவது இதுதான்: மண்ணோடு மனிதன் பேசிய இடம் அந்தப் பிடி. கல் தட்டினாலும், ஈரம் மிஞ்சி மண் அப்பினாலும், அடியில் இறுக்கம் இருந்தாலும் உள்ளங்கைக்கு உடனே தெரிந்துவிடும். ஆழத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கை அழுத்தத்தில்தான். மேழிக்கு மரம் தேடும் தச்சர்கள் இயற்கையாகவே வளைந்த கிளையாகப் பார்த்து எடுப்பார்கள். நேர்மரத்தை வளைவாகச் செதுக்கினால் நார் அறுபட்டு, பாரம் தாங்காமல் முறிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். தங்கும் விடுதியில் அலங்காரமாக வைக்கப் பழைய கலப்பை வேண்டும் என்று ஒருவர் வண்டியோடு வந்து நின்றார். வீட்டுப் பெரியவர் விலை பேசி முடித்தார். வண்டியில் ஏற்றும்போது சொருகியிருந்த மேழியை மட்டும் தட்டிக் கழற்றிக்கொண்டார். வந்தவருக்குக் கோபம்; ஐந்நூறு ரூபாய் குறைத்துவிட்டார். "குறைச்சிக்கட்டும் சார். எங்கப்பா கை பட்டது, எங்கையும் பட்டது" என்று என்னிடம் காட்டினார். பிடிக்கும் இடம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. மகன் வாசலிலேயே நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காகத்தான் விற்பனையே.

காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்க வரும் வெளியூர்க்காரர்கள்கூட 'கோர்வை' என்ற தறிச்சொல்லைக் கேட்டு வாங்குகிறார்கள். அதற்கு விலை இருக்கிறது. மேழிக்கு இல்லை. எங்கள் துறைப் படிவங்களிலும் 'கலப்பை' மட்டும்தான்.

ஏர் மாட்டுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த உழைப்பின் முதுகுவலி தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் வாடகை டிராக்டர் ஓட்டுபவருக்கு அடுத்த வயலுக்குப் போகும் அவசரம். மேழி பிடித்த கை அறிந்ததை இப்போது நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நிலக்கடலை, பயறு, காய்கறிக்கு உழும் முன் அரை அடி ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து உருண்டை பிடியுங்கள். இடுப்பளவு உயரத்திலிருந்து விட்டால் உதிர வேண்டும். உருண்டையாகவே கிடந்தால் ஈரம் அதிகம்; இரண்டு நாள் பொறுங்கள். ஈரத்தில் ஓட்டினால் கட்டி தட்டும், அடிமண்ணும் இறுகும். ஏற்கெனவே இறுகிய புன்செய் நிலத்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அரை மீட்டர் இடைவெளியில் உளிக்கலப்பை ஓட்டி, பிறகு குறுக்கிலும் ஓட்டலாம். நெல் வயலுக்கு இது வேண்டாம். அங்கே அடியில் இருக்கும் இறுக்கம்தான் தண்ணீரைத் தாங்குகிறது.

பேரனுக்கு இரண்டு பொருளையும் சொல்லிக் கொடுங்கள், ஐயா. பரணில் பழைய கலப்பை இருந்தால் இறக்கி, பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் இந்தப் பிடிக்கு வேறு பெயர் உண்டென்றால் மற்ற வாசகர்களும் எழுதலாம்.