நாணமும் நலமும்

வலையில் ஓரிழை அறுந்தாலும் உடனே உரைக்கும் ஊர் எம் கோவளம். ஆயினும், பதினைந்து வயதினளாகிய எம் சிற்றன்னை மகள், தன் மார்பில் தோன்றிய கட்டியை நான்கு திங்கள் எவர்க்கும் உரைத்திலள். புற்றுநோயென்று அஞ்சி இரவெல்லாம் அழுதனள். பின்னர் எம்மிடம் கூற, யாமும் அவள் அன்னையும் அவளைப் பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் தொட்டுணர்ந்து, ஸ்கேனும் எடுப்பித்து, அது பைப்ரோஅடினோமா என்னும் தீங்கற்ற கட்டியென்றனர்.

இவ்வயதிற் காணும் கட்டிகளுட் பெரும்பாலன இத்தகையனவே. வழுவழுப்பாய், அழுத்தினால் நழுவும் இயல்பின. சில தாமே சுருங்கும். மாதவிடாய்க்கு முன் தடிப்பும் நோவும் தோன்றி மறைதலும் உண்டு. இளம்பெண்டிர்க்கு மார்பகப் புற்று மிக அரிது.

எனினும், ஒன்றிரண்டு மாதவிடாய் கடந்தும் கட்டி நிலைப்பினும், விரைந்து வளரினும், இறுகி அசையாதிருப்பினும், தோல் சுருங்கினும், காம்பிற் குருதி கசியினும், அக்குளிற் கட்டி தோன்றினும் மருத்துவரை அடைதல் வேண்டும். தோல் சிவந்து காய்ச்சலும் காணின் அன்றே செல்க.

எம் கடற்கரைச் சாலைக்கு வடக்கே, அடையாற்றில், 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. தம் தங்கையை அந்நோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியே அது. ஒரு துயரம் பலர்க்குப் புகலிடமாயிற்று. அத்தகைய மருத்துவமனைகள் அருகிருந்தும், வாய் திறவாதார்க்கு அவை தொலைவிலுள்ளனவே.

நாணம் அணியென்பர், நோயை மறைக்கும் நாணமோ விலங்கு. சகோதரிகளே, தாயிடமேனும் தமக்கையிடமேனும் சொல்லுங்கள். அன்னையரே, கடியாது கேளுங்கள். எம் தங்கை இப்பொழுது அச்சமின்றி உறங்குகின்றாள். மருத்துவர் குறித்த நாளில் மறுமுறை காட்டவும் இசைந்துள்ளாள்.