செபமாலையும் ரோத்தானும்

மலாக்காவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் கத்தோலிக்க வீடு எது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். சுவரில் திருஇருதய ஆண்டவர் படம், அதன் கீழே இரவும் பகலும் அணையாத சிவப்பு பல்பு, பக்கத்து ஆணியில் செபமாலை. இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் ரோத்தானும், அதாவது பிரம்பும், இருக்கும். சாமான் கடையில் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு விற்பார்கள், வளைந்த பிடியில் சிவப்போ பச்சையோ பிளாஸ்டிக் சுற்றி. இந்த இரண்டையும் வைத்துத்தான் எங்களை வளர்த்தார்கள். கேட்டால் இரண்டுமே வேதத்தில் இருப்பவை என்பார்கள்.

பகலில் பெற்றோர் எங்கள் கைக்கு எட்டமாட்டார்கள். லேடாங் மலை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாக்கொட்டகைக்குப் போகும். மற்றவர்கள் தாங்களாகவே எழுந்து, பழையதைத் தின்று, பள்ளிக்கு நடக்க வேண்டும். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பும் அம்மாவுக்குப் பேசத் தெம்பிருக்காது. அப்பாவுக்கு மாலையில் மாடு, புல், கிடைத்தால் வெளிவேலை. குடும்பம் மொத்தமும் ஒரே இடத்தில் இருந்தது விளக்கு வைத்தபின் செபம் சொன்ன அந்த அரைமணி நேரம்தான்.

அந்தச் செபம் நடந்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. செபமாலையின் ஐந்து பத்துகளையும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுவிடுவார்கள். கடைக்குட்டிக்கும் ஒன்று உண்டு. அவன் அருள்நிறை மந்திரத்தைச் சில நாள் எட்டோடு நிறுத்துவான், சில நாள் பன்னிரண்டு வரை இழுப்பான். யாரும் திருத்தமாட்டார்கள். அவன் முன்பாதியைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து அப்பா பின்பாதியைச் சொல்ல வேண்டும். பகலெல்லாம் கணக்கெழுதும் கிராணிக்கும் வேலை வாங்கும் மண்டோருக்கும் பதில் சொல்லிவிட்டு வந்த மனிதர், இரவில் ஐந்து வயதுப் பையனின் குரலுக்குக் காத்திருந்து பதில் சொல்வார். கடைசியில் கருத்துகள்: பாட்டியின் கால்வலி, சித்தப்பா மகளின் பரீட்சை, சம்பளத்தில் பிடித்தம் வரக்கூடாது என்பது. அன்றைக்குச் சண்டை போட்டவர்கள் கைகொடுத்துவிட்டுத்தான் தட்டில் கைவைக்கலாம். கிறிஸ்தவ ஒழுக்கம் எது என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதில் ரோத்தானுக்கு வேலையே இல்லை.

பிள்ளைகளை முன்னே நிறுத்தும் இந்தப் பழக்கம் எங்கள் லயத்தில் முளைத்ததல்ல. 1545இல் மலாக்காவுக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தெருத்தெருவாக மணியடித்துக்கொண்டு போய்ச் சிறுவர்களைக் கூட்டிச் செபம் கற்றுக்கொடுத்தார். அதற்கு முன்பே தமிழ்நாட்டு முத்துக்குளித்துறையில், பரதவர் ஊர்களில் அதையே செய்திருந்தார். 1544இல் அவர் எழுதிய கடிதத்தில், பிள்ளைகள் தன்னைச் சாப்பிடவும் தூங்கவும் விடாமல் செபம் கேட்டு மொய்க்கிறார்கள் என்கிறார். நோயாளி வீடுகளுக்குத் தனக்குப் பதிலாக அந்தப் பிள்ளைகளையே அனுப்பியிருக்கிறார். அவர்கள் தாங்கள் கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும், அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான கிரீசித்தியானி வணக்கமும் இந்த மரபில் வந்தவை. தமிழில் அச்சேறிய முதல் நூல்களே ஞான உபதேசப் புத்தகங்கள். அவற்றில் இரண்டாவது நூல், ஆசிரியனும் மாணவனும் கேள்வியும் பதிலுமாகப் பேசுவது.

சவேரியாரிடம் எனக்கு ஒப்பாத ஒன்றும் உண்டு. பெரியவர்கள் எங்கே சிலை வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் ஓடிவந்து சொல்வதையும், போய் அவற்றை உடைப்பதையும் அதே கடிதத்தில் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். நல்லவேளை, எங்கள் அம்மாக்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. தோட்டத்தில் மாரியம்மன் கோயில் கூப்பிடு தூரத்தில் இருந்தது. சொந்தத்தில் பாதிப் பேர் அங்கேதான் தீ மிதித்தார்கள். திருவிழா மேளம் கேட்டால் செபத்தைச் சத்தமாகச் சொல்வார்களே தவிர, சன்னலைச் சாத்தமாட்டார்கள். தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் போகும். ‘நமக்கு நம்ம சாமி, அவங்களுக்கு அவங்க சாமி, மாமாவ மரியாதையா கூப்பிடு’ என்பதோடு அம்மாவின் சமயப் போதனை முடிந்துவிடும். இந்த விஷயத்தில் புனிதரைவிட லயத்துப் பெண்களே விவரமானவர்கள் என்பது என் கட்சி.

இனி ரோத்தான். நீதிமொழிகள் 13ஆம் அதிகாரத்தில், பிரம்பை எடுக்காத தகப்பன் மகனை வெறுக்கிறான் என்ற கருத்து இருக்கிறது. இல்லையென்று சொல்லமுடியாது. தோட்டத்துக்கு வந்த உபதேசியார்கள் அதைத் தவறாமல் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதீர்கள், அவர்கள் மனம் தளர்ந்துபோகும் என்று பவுல் கொலோசையருக்கு எழுதியதை எந்தத் தகப்பனும் மனப்பாடமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாக்கள் உண்மையில் நம்பியது ‘முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்’ என்பதை. அது வேதத்தில் இல்லை. அதைவிட, தோட்டமே அதட்டலில் ஓடியது. துரை கிராணியை அதட்டினான், கிராணி மண்டோரை அதட்டினான், மண்டோர் அப்பாவை. அப்பாவுக்கு அதட்டக் கிடைத்தவர்கள் நாங்கள்தான். ரோத்தான் வீட்டுக்குள் வந்த வழி பெரட்டுக்களம் என்பதே என் எண்ணம். பிறகு அதற்கு ஒரு வசனத்தைத் தேடிக்கொண்டார்கள்.

வேறு வழி இருக்கிறது என்று திருச்சபையிலேயே சொன்னவர்கள் உண்டு. தூரின் நகரில் தெருப்பையன்களை வைத்து வளர்த்த தொன் போஸ்கோ, அடியில்லாமல் வளர்க்கும் தம் முறையை 1877இல் எழுதிவைத்தார். நியாயம் சொல்லிப் புரியவை, சமயத்தைக் கொடு, அன்பாய் இரு, தப்பு நடப்பதற்கு முன்பே பக்கத்தில் இரு. பக்கத்தில் இருப்பதுதான் அதில் கடினம். இருந்தும் 2015இல் போப் பிரான்சிஸ், முகத்தில் மட்டும் அடிக்காத ஒரு தகப்பனைப் பாராட்டிப் பேசிப் பல நாட்டிலிருந்தும் கண்டனத்தை வாங்கிக்கொண்டார். சட்டத்தைப் பார்த்தால், தமிழ்நாட்டில் பள்ளிப் பிரம்படிக்கு இடம்தந்த விதி 2003இல் போய்விட்டது. மலேசியாவில் 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் பெண்பிள்ளைகளுக்குப் பிரம்படி கூடாது என்கின்றன. பையன்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இப்போது லயங்கள் காலி. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. பிள்ளைகள் ஜாசினுக்கும் மலாக்கா டவுனுக்கும் போய்விட்டார்கள், பாதிப் பேர் ஜொகூரில் இருந்துகொண்டு சிங்கப்பூரில் வேலை. அவர்களும் விடிவதற்கு முன் கிளம்புகிறார்கள். பெரட்டுக்குப் பதில் பாலத்தில் வரிசை. விசுவாசத்தை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு பார்த்துக்கொள்ளும் என்று பிள்ளையைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் ரொட்டிச் சானாய் சாப்பிடப் போய்விடுகிறார்கள். வகுப்பில் பாவம், இருபது வயதுப் பெண் ஒருத்தி பத்துக் கட்டளைகளை வரிசைப்படி கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டிலிருந்து ரோத்தான் போனது நல்லது. அதோடு அந்த அரைமணி நேரமும் போய்விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

உறவுக்காரத் தம்பதி, செபத்துக்கு உட்கார மறுக்கும் பத்து வயது மகனை என்ன செய்வது என்று கேட்டார்கள். அவனையே நடத்தச் சொல்லுங்கள் என்றேன். நடத்துகிறானாம். கருத்துகள் சொல்லும் இடத்தில் மான்செஸ்டர் யுனைடெட் ஜெயிக்க வேண்டும் என்று தினமும் சேர்த்துக்கொள்கிறான். அதற்கு மட்டும் அப்பா ‘ஆமென்’ சொல்வதில்லை. அவர் லிவர்பூல்.