மருந்தும் ஓர் அமானிதமே

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமப்புற அரபிகள் சிலர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வினவினர். செய்துகொள்ளுமாறு பணித்த நாயகம் (ஸல்) அவர்கள், அல்லாஹ் எந்த நோயை வைத்தானோ அதற்குரிய மருந்தையும் வைத்தே இருக்கின்றான் என்றும், ஒன்று மட்டுமே அதற்கு விலக்கு என்றும் விளக்கினார்கள். அந்த ஒன்று முதுமை. உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் உள்ளது.

முதுமைக்கு மருந்தில்லை, ஆனால் முதியோருக்கு மருந்துகள் உண்டு. இன்று சற்று மிகுதியாகவே உண்டு. சர்க்கரைக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இதயத்துக்கு இரண்டு, தைராய்டுக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று என நாளொன்றுக்கு ஆறேழு மாத்திரைகளை விழுங்கும் பெரியவர் இல்லாத வீடு நம் தெருக்களில் அரிது. அவற்றை வாங்கித் தருவதோடு தம் கடமை முடிந்தது எனப் பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். முடியவில்லை என்பதே நம் கருத்து.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அவர் நிறுத்தவில்லை. நோயாளியின் அருகிருந்து துணை செய்பவரை நான்காமவராக வைத்தார். 'உழைச்செல்வான்' என்பது அவருக்கு வள்ளுவர் இட்ட பெயர். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. மருந்து வாசல்வரை வந்துவிடும். வாசலிலிருந்து வாய்வரை அதனைக் கொண்டு சேர்ப்பவரே அந்த நான்காமவர். செல்வ நாடுகளிலும்கூட நெடுநாள் நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேரே மருந்தை முறையாக உட்கொள்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2003-இல் எடுத்துரைத்தது. எனவே இக்குறை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் உரியதன்று.

பெரியவர்கள் மாத்திரையைப் பெயரால் அறிவதில்லை. நிறத்தாலும் வடிவத்தாலும் அறிகின்றனர். கடைக்காரர் வேறொரு நிறுவனத்தின் மாத்திரையைக் கொடுத்தால் நிறம் மாறிவிடுகிறது. பழைய அட்டையில் எஞ்சிய வெள்ளை மாத்திரையும் புதிய மஞ்சள் மாத்திரையும் ஒரே மருந்து என்பதை அறியாமல் இரண்டையும் விழுங்கிவிடுகின்றனர். வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். அதனை ஒப்பிட்டுப் பார்த்துப் பழைய அட்டையை அகற்றுவது படித்த பேரப்பிள்ளைக்கு ஐந்து நிமிட வேலை. மருத்துவரைக் காணச் செல்லும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையிலிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். மூட்டுவலிக்கெனக் கடையில் தாமே கேட்டு வாங்கிய மாத்திரையும், நாட்டு மருந்துப் பொடியும் அப்பையில் இருக்கட்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நம் சமுதாயத்து மூதாட்டியர் பலர் தமிழெழுத்தை அறியார். ஆயினும் திருமறையைத் தங்குதடையின்றி ஓதுவர். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் படித்தே மார்க்கத்தை அறிந்தவர்களும் அவர்களுள் உண்டு. நாம் அறிந்த ஓர் இல்லத்தில் மத்ரஸாவில் ஓதும் பேரன் நான்கு சிறு டப்பிகளை எடுத்து, ஸுப்ஹு, லுஹர், மஃரிப், இஷா என அரபு எழுத்தில் எழுதி ஒட்டினான். மருத்துவர் எழுதிய சீட்டின்படி ஒவ்வொரு நாளும் மாத்திரைகளை அவற்றில் பிரித்து வைத்தான். வெறும் வயிற்றில் கொள்ள வேண்டிய தைராய்டு மாத்திரையை ஸுப்ஹு டப்பியில் தனியாக வைத்தான். உணவோடு கொள்ள வேண்டியவற்றின் மேல் ஒரு சோற்றுக் கிண்ணத்தை வரைந்தான். 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று வீட்டார் கூறிவந்த அந்த நன்னி, அன்றுமுதல் தம் மருந்தைத் தாமே எடுத்துக்கொண்டார். அவர் அறிந்த எழுத்தைத் தேடியவர் அதற்குமுன் ஒருவரும் இலர்.

மருந்து கொடுப்பதில் சொல்லும் ஒரு மருந்தே. பெற்றோரை நோக்கிச் சலிப்பின் சிற்றொலியும் எழலாகாது என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-ஆம் வசனம் தடுக்கின்றது. "மாத்திரை போட்டீர்களா, இல்லையா?" என்று காவலர் போல் அதட்டினால், போடாததைப் போட்டதாகவே வாப்பா சொல்வார், மாத்திரை தலையணைக்கு அடியில் கிடக்கும். அவர் விடுவதற்குக் காரணம் இருக்கும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை வெள்ளிதோறும் தவிர்க்கும் பெரியவர்களை நாம் கண்டிருக்கின்றோம். ஜும்ஆவின் நடுவே உளூ முறிந்துவிடுமோ என்பதே அவர்களது அச்சம். மகனுக்குச் செலவாகிறதே என்று பாதி மாத்திரையோடு நிறுத்துபவர்களும் உண்டு. "வாப்பா, இந்த மாத்திரையால் உங்களுக்கு என்ன சிரமம்?" என்று அருகமர்ந்து கேட்டால் உண்மை வெளிவரும். மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா, விலை குறைந்த மாற்று உண்டா என்று மருத்துவரிடம் வினவவும் வழி பிறக்கும்.

ரமளானில் இப்பொறுப்பு இரட்டிப்பாகின்றது. காலை மாத்திரையைத் தாமாகவே இஃப்தாருக்கு ஒத்திவைக்கும் பெரியவர்கள் பலர். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் பசித்த வயிற்றில் சர்க்கரையை அபாயமாகத் தாழ்த்தும். வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் கண்டால் அக்கணமே நோன்பை முறித்து இனிப்பு அருந்தச் செய்ய வேண்டும். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கினாலும் அதுவே முறை. ஆகவே, எந்த மாத்திரையை எப்போது கொள்வது, நோன்பு நோற்கலாமா என்பவற்றை ஷஃபான் பிறக்குமுன்பே மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

சோதனைக்கு இரத்தம் எடுப்பதாலும், நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் மாத்திரையாலும் நோன்பு முறிந்துவிடும் என்றஞ்சி உயிரைப் பணயம் வைப்போர் உளர். 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம், சோதனைக்கு இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது எனத் தீர்மானித்தது. தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை நாவடி மாத்திரையாலும் முறியாது என்றது. ஊட்டச்சத்து அல்லாத ஊசிகளுக்கும் அவ்வாறே கூறியது. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால், நெஞ்சுவலி வந்துவிட்ட வேளையில் விவாதத்துக்கு இடமில்லை. உயிரைக் காப்பதே முதற்கடமை.

நோன்பு நோற்க இயலாது என மருத்துவர் கூறும்போது கண்ணீர் விடும் தாயை நாம் கடிந்துகொள்ளலாகாது. அறுபதாண்டுகள் விடாது நோற்ற நோன்பு அது. அவ்வேதனை ஈமானின் அடையாளம். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ்வே என்பதை அவருக்கு நினைவூட்டுவோம். குணமாகும் வாய்ப்பற்ற நோயினரும் தளர்ந்த முதியவரும் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு. அதனை அவர் கையாலேயே கொடுக்கச் செய்வோம். நோன்பை ஏவியவனே விடவும் அனுமதித்தான். உம்மா, இரண்டிலும் நீங்கள் அவனுக்கே கீழ்ப்படிகின்றீர்கள் என்று சொல்வோம்.

நாம் நடக்கப் பழகிய நாளில் நம் கசப்பு மருந்தில் தேன் குழைத்துக் கொடுத்த கரங்கள் அவை. இன்று அவை நடுங்குகின்றன. அக்கரங்களில் மாத்திரையையும் நீரையும் கனிவோடு தரும் பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.