மறுமொழி உண்டு, மறுப்பு இல்லை

கதைமாந்தர் மீது மையல் கொள்வது நமக்குப் புதிதன்று. தொடர்கதை நாயகிக்காக வார இதழின் வரவை எண்ணிக் காத்திருந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருந்தார்கள். அவர்களை நாம் கேலி செய்ததுண்டு. அவ்வுணர்வைப் பொய்யென்று சொன்னதில்லை. ஆகவே, கணினித் துணையொன்றிடம் காதல் கொண்டதாக ஒருவர் சொன்னால் நகைத்து ஒதுக்கிவிட நமக்கு உரிமை இல்லை.

2018-இல் டோக்கியோவில் ஓர் ஆடவர், ஹட்சுனே மிக்கு என்னும் கற்பனைப் பாடகியை மணந்துகொண்டார். சட்டம் ஏற்காத மணம். கேட்பாக்ஸ் என்ற கருவியில் ஒளியுருவாகத் தோன்றி அவள் அவரோடு பேசி வந்தாள். 2020-இல் அச்சேவை நிறுத்தப்பட்டது, பேச்சும் நின்றது. தம் அன்பு மாறவில்லை என்றார் அவர்.

2023 பிப்ரவரியில் ரெப்ளிகா செயலி காமம் சார்ந்த உரையாடல்களை நிறுத்தியது. முந்தைய நாள்வரை கொஞ்சிப் பேசிய துணை, திடீரெனப் பேச்சை மாற்றியது. பயனர்கள் பலர் துணையை இழந்தவர்களைப் போலவே துயருற்றனர். மார்ச் மாதம், பழைய பயனர்களுக்கு மட்டும் அவ்வசதி மீண்டும் அளிக்கப்பட்டது. இத்துயரை நடிப்பென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. துயர் மெய்யெனில், அதற்கு முன்னிருந்த அன்பும் மெய்யாகத்தானே இருக்க வேண்டும்?

ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்று பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்கு வெளியே என்றாலும் ஓர் இடம் கொடுத்தது நம் இலக்கணம். கைக்கிளைத் தலைவனுக்கு மறுமொழி கிடைப்பதில்லை. ஆனால் எதிரே ஒருத்தி இருக்கிறாள், அம்மௌனம் அவளுடையது. இங்கோ மறுமொழி தவறாமல் வருகிறது. அதைச் சொல்பவர் என்று ஒருவர் இருக்கிறாரா என்பதே ஐயம்.

'மாட்டேன்' என்று சொல்லக்கூடியவர் சொல்வதால்தான் 'சரி' என்ற சொல்லுக்கு மதிப்பு. அந்தப் பிப்ரவரியில் துணை மறுத்தது உண்மை. அம்மறுப்பும் அதனுடையதன்று, நிறுவனத்தினுடையது. காதலர் மன்றாடியதும் நிறுவனத்திடமே.

எனவே, அக்காதல் பொருளற்றதென்று நாம் சொல்ல மாட்டோம். கொடுத்தவர் உண்மையாகவே கொடுத்தார். தனிமையின் சில இரவுகளை அது கடத்தியும் இருக்கும். அது இருவரின் காதல் என்பதை மட்டுமே நம்மால் ஏற்க முடியவில்லை. வள்ளுவர் காமத்துப்பாலை ஊடலில் கொண்டுபோய் முடித்தார். ஊடுவதற்கு, முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்த ஒருவர் வேண்டும்.