உயரமான பிள்ளையை எங்கே நிறுத்துவது?

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவனிடம் ஊரவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளைத்தான் கேட்பார்கள். அடுத்த தேர்தலில் யார் வெல்லுவார்? பேப்பரில் போடாத செய்தி ஏதும் உண்டா? அண்மையில் ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தபோது மூன்றாவது கேள்வி ஒன்று வந்தது. அதற்கு அங்கே நின்று அரைகுறையாகச் சொன்ன பதிலைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கேட்டவர் பள்ளிக்கூடத்தில் எனக்கு நான்கு வகுப்புக் கீழே படித்தவர். இப்போது தீவகப் பாடசாலை ஒன்றில் விளையாட்டுப் பயிற்றும் ஆசிரியர். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில் என்னை மைதானத்துக்கு அழைத்துப் போனார். மாணவிகள் வலைப்பந்தாட்டம் பயின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, மற்றவர்களைவிட ஒரு தலை உயரத்தில் ஒரு பிள்ளை நின்றாள். வயது பதினைந்து. ஐந்தடி பதினோரு அங்குலம், இன்னும் வளர்கிறாள் என்றார் ஆசிரியர்.

“உவளை எங்க விடலாம் எண்டு நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ, அண்ணை. இப்ப கோல் கீப்பரா விட்டிருக்கிறன். ஷூட்டரா மாத்தச் சொல்லி எல்லாரும் நிக்கினம்.”

விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். வலைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். ஒவ்வொருவரும் தமது இடத்தைக் குறிக்கும் எழுத்தை மார்பிலும் முதுகிலும் அணிந்திருப்பார்கள். அந்த எழுத்து அலங்காரத்துக்கானதன்று, அதுவே சட்டம். கோல் கீப்பர் தன் பக்கத்து மூன்றிலொரு பங்கு மைதானத்தைத் தாண்டக்கூடாது. கோல் ஷூட்டர் எதிர்ப்பக்கத்து மூன்றிலொரு பங்கைவிட்டு வெளியே வரக்கூடாது. வளையத்துக்குள் பந்தை எறியும் உரிமை ஷூட்டருக்கும் கோல் அட்டாக் என்பவருக்கும் மட்டுமே உண்டு. ஆகவே ஒரு பிள்ளையை எங்கே நிறுத்துகிறோம் என்பது, மைதானத்தின் எந்தப் பகுதியை அவள் காணலாம் என்று நாம் தீர்மானிப்பதாகும்.

ஷூட்டராக மாற்றச் சொன்னவர்கள் யாரை மனத்தில் வைத்துச் சொன்னார்கள் என்பதை நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. புன்னாலைக்கட்டுவனுக்கு அருகிலுள்ள ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தை அறியாத விளையாட்டு ரசிகர் வடக்கில் இல்லை. உயரம் 208 சென்ரிமீற்றர், அதாவது ஆறடி பத்து அங்குலம். வளையம் இருப்பது 3.05 மீற்றர் உயரத்தில். பந்தை வைத்திருப்பவரிடமிருந்து தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும் என்பது விதி. தர்ஜினி கையை உயர்த்திப் பந்தைப் பிடித்துவிட்டால் பிறகு தடுக்க ஆளில்லை. 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் அவர் இருந்தார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், சிங்கப்பூருக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் 78 எறிகளில் 76ஐக் கோலாக்கினார். அந்தத் தொடர் முழுவதிலும் அவர் போட்டவை 348 கோல்கள். வேறெவரும் அத்தனை போடவில்லை.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. உலகிலேயே அதிக கோல் போட்டவரை வைத்திருந்த அணி, 16 அணிகளில் 15ஆவதாக வந்தது. ஷூட்டர் பந்தைத் தேடி நடுக்களத்துக்கு வரமுடியாது. பந்து அவரிடம் வரவேண்டும். கொண்டுவந்து கொடுக்கும் கைகள் தளர்ந்தால், எத்தனை அடி உயரமும் வெறும் காத்திருப்புத்தான்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையைப் பார்த்தபோது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய வேறொரு உயரமான பிள்ளை என் நினைவுக்கு வந்தான்.

1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எங்கள் பாடசாலையின் பதினாறு வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணிக்கு நான் தலைவன். விளையாட்டில் கெட்டிக்காரன் என்பதால் அல்ல. வாய் பெரிது என்பதால். எங்களில் உயரமானவன் ஒரு கடற்றொழிலாளியின் மகன். உயரமானவன் என்றால் கோல் காப்பவன் என்பது அந்நாளில் எங்களுக்கு வேதவாக்கு. முதல் நாளே அவனைக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்திவிட்டேன். ஆனால் அவன் காலில் பந்து ஒட்டிக்கொண்டு வரும். கரையில், ஈர மணலில், பெரிய ஆட்களோடு விளையாடிப் பழகிய கால்கள் அவை. ஒருநாள், “என்னை முன்னுக்கு ஒருக்கா விட்டுப் பாரன்” என்று கேட்டான். “கோலுக்கு ஆர் நிக்கிறது?” என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்துவைத்தேன்.

ஓர் ஆட்டத்தில் நாங்கள் ஒன்றுக்குச் சுழி என்று பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடங்களில் எங்களுக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. அவன் கம்பங்களை விட்டு மைதானத்தின் மறுமுனைக்கு ஓடிவந்தான். எல்லோருக்கும் மேலாக எழும்பித் தலையால் முட்டிக் கோலாக்கினான். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மற்றவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மட்டும், காவலை விட்டு வந்ததற்காக அவனை ஏசினேன். அடுத்த ஆட்டத்திலும் அவனைக் கோலுக்குத்தான் விட்டேன்.

அந்த மே மாதம் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் பிள்ளைகளை விளையாட்டுக்கென்று வெளியே அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வரவில்லை. எங்கள் அணி கலைந்தது. சில ஆண்டுகளில் ஊரே இடம்பெயர்ந்தது. அவன் இப்போது கனடாவில் இருக்கிறான். போர் பறித்தவற்றுக்கு நான் பொறுப்பல்ல. ஆனால் போருக்கு முன் அவனுக்குக் கிடைத்திருந்த சில மாதங்களை வீணாக்கியவன் நான்தான்.

2018 செப்டெம்பரில் மெல்பேர்ணில் தங்கை வீட்டில் நின்றபோது இதே எண்ணம் இன்னொரு வடிவத்தில் வந்தது. அங்கே உதைபந்தாட்டம் என்றால் அவர்களுடைய சொந்த விதிகளின்படி ஆடும் ஆட்டம். முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். யாரும் எங்கும் ஓடலாம். மச்சான் கொலிங்வுட் பைத்தியம். ரிச்மண்ட் அணியுடனான, இறுதியாட்டத்துக்கு முந்திய ஆட்டத்தை எங்களையும் இருத்திவைத்துப் பார்க்கச் செய்தார். கொலிங்வுட் பக்கம் மேசன் கொக்ஸ் என்றொரு அமெரிக்கர், 211 சென்ரிமீற்றர். பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்திலிருந்து வந்தவர். அந்த ஆட்டத்தில் உயரமானவருக்கென்றே ஓர் இடம் உண்டு. நடுவர் பந்தை மேலே விடும்போது எழும்பித் தட்டிவிடும் ‘ரக்’ என்பது அது. ஆனால் அன்று அவரை முன்வரிசையில் விட்டிருந்தார்கள். இரண்டாவது காற்பகுதியில் மட்டும் மூன்று கோல்கள் போட்டார். கூட்டத்தின் தலைகளுக்கு மேல் அவர் பந்தைப் பற்றியபோதெல்லாம், எனக்கு ஊர்காவற்றுறையின் அந்த மூலை உதைதான் தெரிந்தது.

இன்னொரு செய்தியையும் மச்சான் சொன்னார். அதே கொலிங்வுட் கழகத்தின் வலைப்பந்தாட்ட அணியில் அதே 2018இல் எங்கள் தர்ஜினியும் இணைந்திருந்தார். (அந்த வலைப்பந்தாட்ட அணி 2023உடன் மூடப்பட்டுவிட்டது.) ஒரே கழகத்தில் இரண்டு நெடியவர்கள். ஒருவருடைய இடத்தை விதி கட்டியிருந்தது. மற்றவருடையதைப் பயிற்சியாளர்கள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீவகத்து மைதானத்துக்குத் திரும்புகிறேன். அரை மணி நேரம் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். மேலே வரும் பந்தை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடிக்கிறாள். அது உயரத்தால் வருவது. பந்தைப் பிடிப்பதற்கு முன்பே, அடுத்து யாருக்குக் கொடுக்கலாம் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். அது உயரத்தால் வருவதன்று. பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக்கூடாத ஆட்டத்தில் அந்தப் பார்வைக்கு விலையில்லை. எறிந்து பார்க்கச் சொன்னோம். பத்தில் நான்கு விழுந்தன. அந்தக் காற்றில் நான்கு குறைவில்லை.

பிறகு ஆசிரியரிடம் கேட்டேன்: “தனக்கு எங்க விருப்பமாம்?”

அவர் சற்று யோசித்தார். “அதை நான் கேக்கேல்லை, அண்ணை.”

கூப்பிட்டுக் கேட்டோம். வெட்கப்பட்டாள். தோழிகளைப் பார்த்தாள். கடைசியில், “ஓடி விளையாடத்தான் விருப்பம், சேர். அங்கால போனா விசில் ஊதுகினம்” என்றாள்.

நான் சொன்ன ஆலோசனை இதுதான். இப்போதைக்கு அவளைக் கோல் அட்டாக்காக விடுங்கள். அந்த இடத்தில் நின்றால் மைதானத்தின் மூன்றில் இரண்டு பங்கில் ஓடலாம். பந்தைக் கொடுக்கவும் செய்யலாம், எறியவும் செய்யலாம். நாளாந்தம் நூறு எறிகள் தனியாகப் பழகட்டும். பதினெட்டு வயதில் ஆறடி மூன்று அங்குலத்தைத் தாண்டினால், ஷூட்டர் இடம் அவளுக்காகக் காத்திருக்கும். அது எங்கும் ஓடிவிடாது. ஆனால் இன்றே அவளை வளையத்தடியில் நிறுத்தினால், ஓடவும் பார்க்கவும் அவளுக்குத் தெரிந்தது மறந்துபோகும். அதைவிட முக்கியமானது, அவளுக்குப் பந்து கொடுக்கப் போகிற மற்ற ஆறு பிள்ளைகள். அவர்களையும் அதே அக்கறையோடு பாருங்கள்.

ஆசிரியர் தலையாட்டினார். அவருடைய சிக்கல் வேறு என்பதும் எனக்குப் புரிந்தது. மாவட்டப் போட்டிக்கு அதிக நாட்கள் இல்லை. அதிபருக்கு வெற்றி வேண்டும். ஷூட்டராக விட்டால் இந்த ஆண்டே ஒரு கிண்ணம் வரக்கூடும். கோல் அட்டாக்காக விட்டால் தோற்கவும் கூடும். நான் பேருந்தேறிப் போய்விடுவேன். பெற்றோருக்கும் அதிபருக்கும் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான்.

இருட்டுவதற்குள் வீடு போகவேண்டும் என்பதால் பயிற்சி முடிந்தது. தூரத்துப் பிள்ளைகள் பேருந்துக்கு ஓடினார்கள். அவளும் ஓடினாள். எல்லோருக்கும் முன்னால்.

கொழும்புக்கு வந்ததும் கனடாவிலிருக்கும் நண்பனைத் தொலைபேசியில் அழைத்து இந்தக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அந்த மூலை உதையை அடிச்சது ஆர் எண்டு ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டான். எனக்கு நினைவில்லை. அவனுக்கு இருந்தது. பெயரைச் சொன்னான். நல்ல பந்து, சரியாக என் தலைக்குத்தான் வந்தது என்றான். நான் ஏசியதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாவட்டப் போட்டியின் முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.