தோல் ஷாப்பிலிருந்து ஷூ கம்பெனி வரை

காலை ஏழு மணிக்கு ஆம்பூர் நெடுஞ்சாலை ஓரம் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். பேரணாம்பட்டு, மாதனூர், வாணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் அவற்றில் நிறைந்திருப்பார்கள். மடியில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை. ஜன்னலோரத்தில் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற வழியில் பிரியாணிக்காக இறங்கும் ஊராகத்தான் எனக்கு ஆம்பூரைத் தெரியும். இந்த முறை தங்கிப் பார்க்க வந்திருந்தேன். தோல் என்றதும் அந்நியச் செலாவணியைப் பேசுகிறோம், இல்லையென்றால் பாலாற்று மாசைப் பேசுகிறோம். இரண்டு பேச்சிலும் அந்த பஸ்ஸில் இருப்பவர்கள் வருவதில்லை. அவர்கள் கையில் என்ன வித்தை இருக்கிறது, அதற்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்.

முதலில் துத்திப்பட்டுப் பக்கம் ஒரு தோல் ஷாப்புக்குப் போனேன். தோல் பதனிடும் ஆலையை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வாசலில் உப்பு தடவிய பச்சைத் தோல்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. உப்பு இல்லாவிட்டால் தோல் ஒரே நாளில் அழுகிவிடும். உப்பைக் கழுவ நீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் போட்டால் மயிர் கழன்று தோல் உப்பி வெளுக்கிறது. உட்பக்கத்துச் சதையை இயந்திரம் சீவி எடுக்கிறது. நனைந்த மாட்டுத்தோலின் கனத்தை ஒரு முறை தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒரே நேரத்தில் இயந்திரத்துக்குள் விடுகிறார்கள். ஒருவர் கை முந்தினால் தோல் கிழியும், அல்லது விரல் போகும்.

இந்த ஈர வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஆலைகளை நடத்துபவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் வணிகக் குடும்பத்தினர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்ற பெரிய கல்வி நிலையங்கள் அந்தச் சமூகத்தின் கொடையில் எழுந்தவை. ஊருக்கு அது செய்த நன்மை பெரிது. ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்களின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் நான் பார்க்கவில்லை.

ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் இங்கே தோலைப் பதப்படுத்தின. குழியில் வாரக்கணக்கில் ஊற வேண்டும். அப்படிப் பக்குவமான தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கப்பலேறியது. பிறகு குரோமியம் வந்தது. ஓர் அறை அளவுள்ள மர டிரம்முக்குள் குரோம் பவுடரோடு சுழன்றால் மறுநாளே தோல் வெளிர்நீலமாக வந்து விழுகிறது. ‘வெட் புளூ’ என்கிறார்கள்.

டிரம்மைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு தோலின் கழுத்தோரம் சின்னத் துண்டு வெட்டி, வெட்டுவாயை என்னிடம் காட்டினார். “நடுவுல வெள்ளைக் கோடு தெரியுதா பாருங்க சார். தெரிஞ்சா மருந்து இன்னும் உள்ள ஏறலன்னு அர்த்தம்.” தெரியவில்லை. பிறகு அந்தத் துண்டைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, கொதிக்கும் நீரில் போட்டார். மூன்று நிமிடம் கழித்து எடுத்து அதே கோட்டில் வைத்தார். அணுவளவும் சுருங்கவில்லை. பதனிடாத தோல் அறுபது டிகிரிச் சூட்டைத் தாண்டினாலே சுருண்டுவிடும். நல்ல குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். “டெஸ்ட் பண்றது ஆபீசுக்காக. எனக்குத் தொட்டாலே தெரியும்” என்றார். சென்னையில் 1948-ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் படித்து வந்த இளைஞர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். அவரும் தலையாட்டினார். இந்த விரலறிவுக்குச் சான்றிதழும் இல்லை, சம்பளப் பட்டியலில் தனி வரியும் இல்லை. இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தரம் பிரிக்கும் மேசைதான் நான் அதிக நேரம் நின்ற இடம். ஜன்னலோர வெளிச்சத்தில் தோலை விரித்து உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார்கள். முள்கம்பி கீறிய வடு, உண்ணி கடித்த புள்ளி, சூடு வைத்த தழும்பு, வண்டிமாட்டின் மேல் சாட்டை பட்ட தடம். அந்த மாடு பட்டதெல்லாம் தோலில் இருக்கிறது. எந்த வடு பூச்சில் மறையும், எது மறையாது என்று அந்தக் கண்கள் நொடியில் தீர்க்கின்றன. ஒரு தரம் மாற்றிப் போட்டால் வாங்குகிறவர் திருப்பி அனுப்புவார்.

1970-கள் வரை இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போனது பெரும்பாலும் பாதி பதனிட்ட தோல்தான். தோல் ஏற்றுமதி குறித்த சீத்தாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின் அரசு அதற்குக் கட்டுப்பாடு போட்டது. முழுதாக முடித்த தோலாகவும், ஷூவின் மேற்பாகமான ‘அப்பராக’வும், பிறகு முழு ஷூவாகவும் அனுப்பத் தொடங்கினார்கள். பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இந்தத் தொழிலுக்கு வந்தது அப்படித்தான்.

ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவைப் பார்த்தேன். முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது. பாதத்தின் முன்பகுதியை மூடும் துண்டு அதிலிருந்து வர வேண்டும். வயிற்றுப் பகுதி தொளதொளவென்று இழுபடும். அது ஷூவின் நாக்குக்கும் மறைவான துண்டுகளுக்கும். வலது காலும் இடது காலும் நிறத்திலும் நெளிவிலும் ஒத்துப்போக வேண்டும். ஒரு சதுர அங்குலத்தைக் கூட வீணாக்காமல் அச்சுகளை மாற்றி மாற்றி வைக்கிற அந்த வேகத்தை வரைபடம் போட்டுச் சொல்லிக் கொடுக்க முடியாது. அடுத்த கூடத்தில் விளிம்பைச் சீவுவது, ஒட்டுவது, தைப்பது என்று பெண்கள் வரிசை. தலைக்கு மேல் பலகையில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜோடி என்று எழுதியிருந்தது. அந்த எண்ணைப் பார்க்காமல் யாரும் தண்ணீர் குடிக்கப் போவதில்லை.

அங்கே ஒரு சூப்பர்வைசர். சில ஆண்டுகளுக்கு முன் கம்பெனி அவரைச் சீனாவின் குவாங்சௌ நகரத்துக்கு அனுப்பியதாம். 1957 முதல் ஆண்டுக்கு இருமுறை கேண்டன் வர்த்தகச் சந்தை கூடும் ஊர். “முதல் ரெண்டு மூணு நாள் ஒண்ணுமே புரியல சார். ஒரு பில்டிங் முழுக்க பக்கிள். அடுத்த பில்டிங் முழுக்க ஜிப்பு. அதுக்கடுத்தது சோல். காலைல கேட்டதைச் சாயந்தரம் கையில கொடுக்குறான்.” ரயில் நிலையத்துக்கு அருகேயுள்ள மொத்த விற்பனைத் தெருக்களில் கால் வலிக்க நடந்திருக்கிறார். சாப்பாடு பிடிபடாமல் பழத்திலேயே ஓட்டியிருக்கிறார். டோங்குவானில் ஒரு ஷூ ஆலைக்கும் போயிருக்கிறார். அங்கே அவரை நிறுத்தியது தையல் வரிசைதானாம். “நம்ம பொண்ணுங்க மாதிரியே இருந்தாங்க. எல்லாம் கிராமத்துலேர்ந்து வந்து ஹாஸ்டல்ல தங்கி வேலை செய்றவங்க. ஒருத்தி தலையைத் தூக்கி என்னைப் பாத்துச் சிரிச்சா. உடனே குனிஞ்சுக்கிட்டா.” நம்மை விட அவர்கள் எதில் மேல் என்று கேட்டேன். பக்கத்திலேயே எல்லாப் பொருளும் கிடைப்பதுதான் என்றார். கை வேலையில் ஆம்பூர் குறைந்தது இல்லை என்று சொன்னபோது அவர் குரல் உயர்ந்தது. நான் பார்த்ததை வைத்து நானும் அதை நம்புகிறேன்.

கம்பெனிச் சுவருக்கு வெளியேயும் இந்தத் தொழில் நடக்கிறது. ஆம்பூர்த் தெருக்களில் மாலையில் வாசற்படியில் உட்கார்ந்து பெண்கள் அப்பர் தைக்கிறார்கள். இரண்டு ஊசி, மெழுகு ஏற்றிய நூல், முன்பே குத்தி வைத்த துளைகள். இயந்திரத்தால் தர முடியாத மடிப்பு என்பதால்தான் கைக்கு வருகிறது. நூலை இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் பள்ளம் விழுந்திருக்கிறது. இப்படி வீட்டிலிருந்து தைப்பவர்களைப் பற்றி 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, ஜோடிக்குப் பத்து ரூபாய் அளவில்தான் கிடைத்தது என்றும், அதே ஷூ பிரிட்டனில் 40 முதல் 100 பவுண்டுக்கு விற்றது என்றும் சொன்னது. இவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. தொழிலாளி என்ற கணக்கிலேயே இல்லை. இதை அநியாயம் என்றுதான் சொல்ல முடியும்.

பாலாற்றைப் பார்க்காமல் இந்த ஊரைப் பார்த்ததாகாது. மணலும் முட்புதரும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதாக அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நீரைப் பிரித்தெடுத்தாலும் உப்பும் குரோமியச் சேறும் எங்காவது தங்கத்தான் செய்கின்றன.

அந்தச் சேற்றோடு வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தொட்டிக்குள் வேறோர் அபாயமும் உண்டு. சல்பைடு கலந்த சுண்ணாம்புக் கழிவும் அமிலக் கழிவும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பிறகு மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. “வாடை நின்னுடுச்சேன்னு இறங்கக் கூடாது சார், அப்பதான் ஆளைத் தூக்கும்” என்றார் டிரம் பெரியவர். இதை அவருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. உடன் வேலை செய்தவர்களின் முடிவைப் பார்த்துக் கற்றிருக்கிறார்.

இப்போது ஊரெல்லாம் தோலல்லாத ஷூவைப் பற்றிய பேச்சு. செய்யாற்றில் தைவான் நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளாக விளையாட்டு ஷூ செய்கிறது. ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்திலும் இன்னொரு தைவான் நிறுவனம் வருகிறது. சீனாவிலும் வியட்நாமிலும் நடந்த வேலையில் ஒரு பங்கு இந்தப் பக்கம் திரும்புகிறது. வாசற்படியில் தைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் அதைச் சொன்னேன். பதினைந்து வருடம் கம்பெனியில் தைத்து, முதுகுவலியால் நின்றவர் அவர்.

“எத்தினி வயசு வரைக்கும் எடுப்பாங்களாம்?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். பக்கத்தில் பிளஸ் டூ புத்தகத்தோடு இருந்த மகளைக் காட்டி, “இவளைத் தைக்க அனுப்ப மாட்டேன். டிசைன் போடுற படிப்பு இருக்காமே, அதுக்கு எங்க சேக்கணும்னு கேட்டுச் சொல்லுப்பா” என்றார். சென்னையில் காலணித் தொழிலுக்கான பயிற்சி நிலையங்கள் இருப்பதைச் சொன்னேன். மகள் நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.